உண்ணியும் உயிரிரக்கமும்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயிரிரக்கம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். தத்துவம் உரைக்க நான் துறவியல்லேன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆகவே, இரக்கம் என்று எண்ணி நான் செய்த பிழையொன்றையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. என் பேரன் தெருவிலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து வந்து வளர்த்தான். கோடையில் அதன் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் ஏறின. நான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். கொல்ல மனம் வரவில்லை. கொட்டாங்கச்சியில் இட்டுக் கொல்லைச் சுவரோரம் விட்டு வந்தேன். இரு உயிரையும் காத்தேன் என்ற நிறைவு எனக்கு.

இரண்டு திங்களில் சுவரெங்கும் கடுகினும் சிறிய குஞ்சுகள் ஊர்ந்தன. நாய் உணவை மறுத்தது, ஈறு வெளிறியது, ஒருநாள் மூக்கிலிருந்து குருதி வழிந்தது. மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “எடுத்த உண்ணிகளை எங்கே விட்டீர்கள் ஐயா?” என்பதே. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் நாய் இறந்தது.

பின்னரே இவ்வுயிரைப் பற்றிக் கற்றேன். ‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் உண்ணி. குருதி குடித்துப் பருத்தால் ஆமணக்கு விதை போலிருக்கும். ஆமணக்கின் தாவரவியற் பெயராகிய ‘ரிசினஸ்’ என்பதற்கு இலத்தீனில் உண்ணி என்றே பொருள். குஞ்சுக்கு ஆறு கால், வளர்ந்தபின் எட்டு. இது சிலந்தியின் உறவேயன்றிப் பூச்சியன்று. மும்முறை நாயின் மேலேறிக் குருதி குடித்து, மும்முறையும் இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளியும். வாழ்நாளின் பெரும்பகுதி நாயின் உடலில் அன்று, நம் வீட்டிலேயே கழிகிறது. உணவின்றிப் பல மாதம் உயிர்வாழும். பருத்த பெண் உண்ணி ஒன்று 4000 முட்டைகள் வரை இடக்கூடும். நான் விட்டு வந்தவை எத்தனையோ!

உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் நோய் முதன்முதலில் 1935இல் அல்ஜீரியாவில் அறியப்பட்டது. இந்தியாவில் அதன் முதற்பதிவு 1944இல் நம் சென்னையிலிருந்தே வந்தது. வியத்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேல் இந்நோயால் மடிந்தன. தொடக்கத்திலேயே கண்டால் டாக்சிசைக்ளின் மருந்தால் குணமாக்கலாம். நான் காலந்தாழ்த்தினேன்.

இனி அறத்தின் பக்கம் வருவோம். எறும்பையும் சிதலையும் மூவறிவுயிர் என்கிறது தொல்காப்பிய மரபியல். உண்ணியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. அதுவும் உயிர்தான். ஆயினும் இம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது கவனமின்மை என்று தத்துவார்த்த சூத்திரம் கருதுகிறது. என் இரக்கத்தில் குறைவில்லை; கவனம்தான் இல்லை. அக்கவனமின்மை நாயைக் கொன்றது. பின்னர் வீடு முழுதும் மருந்தடிக்க நேர்ந்ததால் ஆயிரக்கணக்கான உண்ணிகளையும் கொன்றது.

ஆகவே, உண்ணி வருமுன் காப்பதே மெய்யான அகிம்சை. சுவர் வெடிப்புகளைக் கோடைக்கு முன்பே பூசி அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கை அடிக்கடி மாற்றுங்கள். நாள்தோறும் காது, கழுத்து, விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேராக இழுங்கள்; மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டா. விரலால் நசுக்காதீர்கள், நாயுண்ணி மனிதருக்கும் காய்ச்சல் தரவல்லது. ஆனால் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றெழுதும் ஸ்க்ரப் டைபஸ் வேறு. புதரில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சால் வருவது. அச்செய்தி கண்டு வளர்த்த நாயைத் தெருவில் விடாதீர்கள்.

தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலும் இடைவெளியிலும் தவறாது கொடுங்கள். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு என்பதையும் மறவாதீர்கள். 2025இல் மாநகராட்சி தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியுடன் ஒட்டுண்ணி நீக்க மருந்தும் செலுத்தியது. அத்தகைய முகாம் வரும்போது, சோறிட்டுப் பழகிய நாய்களை அழைத்துப் பிடித்துக் கொடுப்பதும் ஓர் அபயதானமே.

மருந்து உண்ணியைக் கொல்லும். அதை மறைக்க மாட்டேன். துறவியர் நெறி வேறு. நம்மை அண்டிய உயிரைக் காக்கும் கடமையுடைய இல்லறத்தார் நெறி வேறு. இன்று எங்கள் வீட்டில் வேறொரு நாய் இருக்கிறது. மாதந்தோறும் அதற்கு மருந்திடும் நாளில், மாயும் உண்ணிகளுக்காக மாலையில் அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்கிறேன். முன்னர் கொட்டாங்கச்சியோடு கொல்லைக்கு நடந்த நாள்களில் அது தேவையென்றே எனக்குத் தோன்றியதில்லை.