பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்



ஆகச் சிறந்த பத்துக் கவிஞர்கள், பத்து இசையமைப்பாளர்கள் என்று விமர்சகர் எவரேனும் பட்டியலிட்டால் இடதுசாரி வாசகர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். முதலாளித்துவ ரசனை என்று ஒதுக்குகிறார். அல்லது எதிர்ப்பட்டியல் ஒன்றை எழுதுகிறார். இரண்டுமே அவசரம். பட்டியலிடும் ஆசை எவருக்கும் விலக்கன்று. 1865இல் மகள்களின் வினாக்களுக்கு விடையளித்த மார்க்ஸ், தமக்குப் பிடித்த கவிஞர்களாக ஷேக்ஸ்பியர், எஸ்கிலஸ், கதே ஆகியோரைக் குறிப்பிட்டார். அதை அவர் பிறர்க்கு அளவுகோலாக்கவில்லை.

பட்டியலில் யார் இல்லை, எக்காரணத்தால் இல்லை என்பதே கேட்கத்தக்க வினா. 1936இல் யேட்ஸ், ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்காக நவீன ஆங்கிலக் கவிதைகளைத் தொகுத்தார். தம் கவிதைகளைத் தாராளமாகவே சேர்த்துக்கொண்டார். வில்பிரெட் ஓவனுக்கு இடமில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றையும் நச்சுவாயுவையும் நேரில் கண்டு எழுதியவர் ஓவன். போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4 அன்று, 25ஆம் வயதில் களத்தில் வீழ்ந்தார். செயலற்றுத் துன்புறுதல் கவிதைக்குரிய பொருளன்று என்பது யேட்ஸின் வாதம். சொன்னவர் மகாகவி, எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் ஏகாதிபத்தியப் போரில் சாதாரணச் சிப்பாய்க்குத் துன்புறுவதையன்றி வேறென்ன விட்டுவைக்கப்பட்டது? அந்த அளவுகோல் அவனைப் பேசவே விடாது.

ஓவனுக்குப் பெரியதோர் அரங்கை அளித்தது செவ்வியல் இசை. ஜெர்மானியக் குண்டுவீச்சில் 1940இல் சிதைந்த கவென்ட்ரி பேராலயத்தின் அருகே புதிய பேராலயம் எழுந்தது. அதன் அர்ப்பணிப்பையொட்டி, 1962 மே 30 அன்று பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் இரங்கலிசை' அரங்கேறியது. இறந்தோருக்கான லத்தீன் திருப்பலி வாசகங்களுக்கிடையே ஓவனின் கவிதைகள் ஒலித்தன. போரிட்ட நாடுகளின் பாடகர்கள் ஒரே மேடையில் பாடவேண்டும் என்பது பிரிட்டனின் விருப்பம். ஆங்கிலேயர் வந்தார், ஜெர்மானியர் வந்தார். ருஷ்யப் பாடகி கலீனா விஷ்னெவ்ஸ்கயா வர இயலவில்லை. சோவியத் அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். மறு ஆண்டு இசைத்தட்டுப் பதிவில்தான் அவர் பாடினார்.

2011இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஆந்தனி டொம்மசினி பத்து இசையமைப்பாளர்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பாக், பத்தாமிடம் பார்டோக். பீத்தோவனின் ஆசிரியர் ஹைடனுக்கே இடமில்லை, பெண் ஒருவருமில்லை. பிரிட்டனும் இல்லை, ஷொஸ்தகோவிச்சும் இல்லை. போகட்டும், நாளிதழ்ப் பட்டியலால் எவருடைய கச்சேரியும் நின்றுவிடாது.

அதிகாரம் கையிலிருக்கும்போது நிலை வேறு. ஷொஸ்தகோவிச் அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு பட்டியலில் இடம்பெற்றிருந்தார். 1948 பிப்ரவரியில் சோவியத் கட்சியின் மத்தியக் குழு அவரையும் புரோகோபீவையும் கச்சதுரியனையும் வடிவவாதிகள் என்று கண்டித்தது. ஷொஸ்தகோவிச் ஆசிரியப் பணியை இழந்தார். மூவரின் படைப்புகள் பலவும் மேடையிலிருந்து மறைந்தன. மேற்கத்திய விமர்சகரின் பாரபட்சத்தைப் பேசும் தோழர்கள் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

1958 மே மாதத்தில் கட்சி அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. புரோகோபீவ் இறந்து அப்போது ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.