சப்பானியம் கற்க ஆங்கில வாயில் எதற்கு?

(பொட்டிப்புரத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



பொட்டிப்புரம் என்னும் இச் சிற்றூரின் பெயர் தில்லி வரைக்கும் எட்டியது நியூட்ரினோ என்னும் நுண்துகளால். ஊரை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து, அதனுள் 50,000 டன் இரும்புக் கருவியொன்றை நிறுவும் திட்டத்திற்கு 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலை காக்க எழுந்த போராட்டங்களும் வழக்குகளும் இங்குள்ளோர் அனைவரும் அறிந்தவையே. இசைவு தர இயலாதெனத் தமிழ்நாட்டரசு 2022 பிப்பிரவரியில் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. இன்றைய பேச்சு அத் திட்டத்தைப் பற்றியது அன்று. அத் துகளோடு சேர்த்துப் பேசப்படும் இன்னோர் ஊரிலிருந்து இப் பேச்சுத் தொடங்குகிறது.

அவ்வூர் சப்பான் நாட்டின் காமியோகா. அங்கேயும் மலைதான்; பழைய சுரங்கந்தான். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தூய நீரைத் தேக்கி 1996இல் ஆய்வைத் தொடங்கினர். நியூட்ரினோவுக்கு நிறை உண்டென்பது அங்கே 1998இல் புலப்பட்டது. அதற்காகத் தக்காக்கி கசித்தா என்னும் அறிஞர் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவருக்கு முன் 2008இல் இயற்பியலுக்காக அதே பரிசில் பங்குபெற்ற தொசிகிதே மசுக்காவா, சுவீடன் நாட்டு மேடையிலும் தம் தாய்மொழியாகிய சப்பானியத்திலேயே உரையாற்றினார். உலகம் அவரை எள்ளி நகைத்ததா? அமர்ந்து கேட்டது. அறிவு தாய்மொழியில் விளைந்த பின்னர், பிறமொழி அதை ஏற்றிச் செல்லும் வண்டியே அன்றி வேறில்லை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அவ்வாறாயின் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிறமொழியே வேண்டா என்பதா? அன்று. தனித்தமிழ் என்றாலே பிறமொழி வெறுப்பு எனத் தூற்றுவோர் சிலர் இருக்கின்றனர். 1916இல் அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் ஆங்கிலமும் வடமொழியும் துறைபோகக் கற்றவர். மொழிஞாயிறு பாவாணர் பிறமொழிகள் பலவற்றின் வேர்களைத் துருவி ஆராய்ந்தவர். பிறமொழியை விரும்பிக் கற்பது வேறு. அதன் காலடியில் தாய்மொழியைக் கிடத்துவது வேறு. இவ் வேறுபாட்டை அறியாதார்க்கு விடை சொல்லிப் பொழுது போக்க வேண்டியதில்லை.

சப்பானியம் கற்க வேண்டிய தேவையும் வெறுங்கற்பனை அன்று. சப்பானிய நிறுவனங்களின் தொழிற்கூடங்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய பெரிய மகிழுந்துத் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மேலும் உழைக்கும் கைகள் குறைந்துபோன சப்பான், வெளிநாட்டுத் தொழிலாளர்க்கெனத் தனி இசைவுமுறையொன்றை 2019 ஏப்பிரலில் தொடங்கியது. 2021 சனவரியில் இந்தியாவோடும் அதற்கு உடன்பாடு செய்துகொண்டது. அவ் வாயிலில் நுழையத் தொழில்திறன் தேர்வோடு மொழித்தேர்வும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியோடும் ஏலக்காய் மூட்டையோடும் மல்லாடும் குடும்பத்தில் பிறந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த இளைஞன் ஒருவனுக்கு இது சிறு செய்தி அன்று.

கற்பதற்கு ஆசிரியர் எங்கே? தேனியிலோ போடியிலோ சப்பானிய ஆசிரியரைத் தேடி அலைவதினும், கையிலுள்ள திறன்பேசியில் மென்பொருளைத் திறப்பது எளிது. அம் மென்பொருள்களை இழித்துரைக்க வேண்டா. அவற்றுள் நல்லவற்றின் அடிப்படை உறுதியானது. கற்றது எத்துணை விரைவில் மறக்கிறது என்பதைச் செருமானிய அறிஞர் எபிங்கவுசு தம்மையே ஆய்வுப்பொருளாக்கி அளந்து 1885இல் வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு சொல்லை மீண்டும் கண்முன் நிறுத்தினால், அடுத்த முறை மறக்க நெடுநாள் ஆகும். இலைத்துனர் என்பார் 1972இல் இதை அட்டைகளும் பெட்டிகளும் கொண்டு எளிமையாக்கினார். தெரிந்த சொல் அடுத்த பெட்டிக்குப் போகும். தவறிய சொல் முதற்பெட்டிக்குத் திரும்பும். 1987இல் போலந்து நாட்டு மாணவர் ஒருவர் அக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தார். 2006இல் வெளிவந்த 'அங்கி' என்னும் மென்பொருளும் இவ்வழியதே. 'அங்கி' என்பதே நெட்டுருவைக் குறிக்கும் சப்பானியச் சொல்.

இடர் எங்கே உள்ளதெனில், பயிற்றும் முறையில் அன்று, விளக்கும் மொழியில். புகழ்பெற்ற செயலிகளில் சப்பானியப் பாடத்தைத் திறக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எதிர்ப்படுவது ஆங்கிலச் சொற்றொடர். அதைப் படித்துப் பொருள் உணர்ந்து, பின்னர்ச் சப்பானியத்தில் விடை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுகின்ற பிள்ளை சப்பானியத்தில் தோற்றதாகச் செயலி கணக்கெழுதுகிறது. பத்து நாளில் அப் பிள்ளை 'எனக்கு மொழி வராது' என்று ஒதுங்கிவிடுகிறது. வராதது எம்மொழி? அதைக் கேட்பார் இல்லை.

இதில் கொடுமை யாதெனில், சப்பானியத் தொடரின் அமைப்பு ஆங்கிலேயர்க்குத்தான் தலைகீழ், தமிழர்க்கு நேர்வழி. 'வதசி வ மிசு ஒ நொமிமசு' என்பது அவர்கள் தொடர். 'வதசி' நான், 'மிசு' நீர், அதன் பின் வரும் 'ஒ' நம் இரண்டாம் வேற்றுமை ஐகாரத்தின் வேலையைச் செய்வது, 'நொமிமசு' குடிக்கிறேன். நான் நீரைக் குடிக்கிறேன் என்பதே சொல்லுக்குச் சொல் கிடைக்கிறது. வினை இறுதியில் நிற்கிறது. உருபு பெயருக்குப் பின் ஒட்டுகிறது. 'தோக்கியோ நி' என்றால் தோக்கியோவிற்கு. 'தோக்கியோ கர' என்றால் தோக்கியோவிலிருந்து. 'கினோ கித்த கொ' என்பது நேற்று வந்த பிள்ளை. நம் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்பது போலவே அங்கும் நிற்கிறது. ஆங்கிலத்திலோ பிள்ளையை முன்னே நிறுத்தி, 'வந்த' என்பதைப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும்.

சுட்டும் அவ்வாறே. 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' என நான்கு. அவை இது, உது, அது, எது. ஆங்கிலத்தில் அண்மைக்கும் சேய்மைக்குமாக இரண்டே சுட்டு. எனவே அவ்வழியாகக் கற்பிக்கும் மென்பொருள் இடைச்சுட்டை விளக்கப் படாத பாடு படுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு 'உது' என்ற ஒரு சொல் போதும். தமிழ்நாட்டில் அச் சொல்லை வழக்கொழிய விட்டது தமிழரின் குற்றம். யாழ்ப்பாணத்தார் இன்றும் அதை வாயிலிருந்து நழுவ விடவில்லை.

துணைவினையையும் பாருங்கள். 'தபெதெ மிரு' என்பதில் 'தபெதெ' தின்று, 'மிரு' பார். தின்று பார்! 'கத்தெ ஒகு' என்பதில் 'கத்தெ' வாங்கி, 'ஒகு' வை. வாங்கி வை! பின்னாளைய தேவைக்கென முன்கூட்டியே செய்து வைத்தல் எனப் பொருளும் ஒத்தே வருகிறது. ஆங்கில நூல்கள் இதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதுகின்றன. 'நாளைக்கு வேண்டும், உப்பு வாங்கி வை' என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப் பத்தி எதற்கு?

இவ்வொப்புமையைக் கண்டு, இரண்டும் உடன்பிறந்த மொழிகள் எனக் கூத்தாடவும் வேண்டா. சப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ அவ்வுறவை நிறுவ நெடுங்காலம் உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் சென்னையில் பொற்கோவும் அவருக்குத் துணைநின்றனர். அம் முடிவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர்கள் ஏற்றாலும் ஏற்காவிடினும் கற்பதற்கு ஒன்றுமில்லை. தொடரமைப்பு ஒத்திருப்பது கண்கூடு. பிள்ளைக்கு வேண்டியது அதுவே.

தமிழ் துணைவராத இடமும் உண்டு. அன்றாடப் பயன்பாட்டிற்கென அந்நாட்டரசு 2010இல் வகுத்த பட்டியலில் சீன வடிவெழுத்துகள் மட்டும் 2,136. அவற்றைப் பழகுவதற்குக் குறுக்குவழி இல்லை; அங்கேதான் மென்பொருளின் பொறுமை பயன்படும். ஆயினும், ஓராண்டு முழுதும் நாள் தவறாமல் திரையைத் தொட்டுவந்தவரும் எதிரே நிற்கும் சப்பானியரிடம் வழி கேட்க நாவெழாமல் நிற்பதுண்டு. அட்டையால் சொல் வரும். பேச்சு ஆளோடு பேசினால்தான் வரும்.

தமிழ்வழிப் பாடத்தை வெளிநாட்டு நிறுவனம் செய்து தரட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினிகளுக்கான ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. 'அங்கி' மென்பொருள் கணினியிலும் ஆண்டிராய்டு திறன்பேசியிலும் விலையின்றிக் கிடைக்கிறது. அட்டைகளை எவரும் எம்மொழியிலும் ஆக்கிக்கொள்ளலாம். முன்பக்கம் சப்பானியத் தொடர், பின்பக்கம் தமிழ்த் தொடர், அடியில் உருபுக்கு உருபு விளக்கம். தொடக்கநிலைத் தேர்வுக்கு வேண்டிய சொற்கள் சில நூறு. தமிழாசிரியர் ஒருவரும் சப்பானியம் அறிந்த தமிழர் ஒருவரும் கணினி அறிந்த மாணவர் இருவரும் கிழமைக்கு முப்பது அட்டை எனக் கொண்டால் ஓராண்டில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடலாம். ஒலிப்பை மட்டும் சப்பானியர் ஒருவரைக் கொண்டே பதிவு செய்ய வேண்டும். தமிழெழுத்தில் எழுதிப் படித்தால் சகரமும் தகரமும் தடுமாறும். வேற்றுமை உருபுகளுக்கான அட்டைகளை முதலில் ஆக்குவது நன்று. அவற்றை இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்த்து, எங்கே இடறுகிறார்கள் எனக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் வினைகளுக்குப் போகலாம்.