பல்லக்கில் போனவருக்கு ஏக்கம், தூக்கியவருக்கு?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து அரை மணி நேரமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அன்புச் சகோதரர்களே! அரங்கத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே! அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

"வாழ்வுக்கு இனியது அன்றைய கொடைக்கானலா, இன்றைய கொடைக்கானலா?" என்பது தலைப்பு. இன்றைய கொடைக்கானலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? "அந்தக் காலத்துல ஏரிக்கரையில ஆளே இருக்காது. பனி மட்டும்தான் இருக்கும். இப்போ கார் மேல கார் நிக்குது" என்றார். அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஆளே இல்லாத ஏரியைப் பார்க்க நீங்க போனீங்களே, உங்களை ஆள் கணக்குல சேர்க்க மாட்டீங்களா? (சிரிப்பு)

இன்னொரு சகோதரர் கண் கலங்கினார். "கல்யாணமான புதுசுல போனப்போ கொடைக்கானல் சொர்க்கமா இருந்துச்சு, போன வருஷம் போனா அப்படி இல்லை"ன்னு. ஐயா, அதுக்கு ஊர் என்ன செய்யும்? அன்னைக்குப் பக்கத்துல புதுப் பொண்டாட்டி. இன்னைக்கு அதே அம்மா, ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை, "ரூமுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"ன்னு ஒரு கேள்வி. (பலத்த சிரிப்பு) மாறினது மலையா, மனுஷனா?

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய அத்தனை பேரும் கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்கள். நான் அங்கே பிறந்தவள். கொடைக்கானல் ஏரியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேலே போகணும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டினால் கிளாவரை. அதுதான் என் ஊர். அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. மேல்மலைக்காரிக்கு அந்தக் காலம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

அன்றைய கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து வீடு கட்டினார்கள். கீழே மதுரைச் சமவெளியில் வெயிலும் காய்ச்சலும் தாங்கவில்லை, மேலே ஏறினார்கள். எப்படி ஏறினார்கள்? இன்றைக்கு நாம் பஸ்ஸில் போகிற காட் ரோடு வந்ததே 1914 வாக்கில்தான். அதுவரைக்கும் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. துரையும் துரைசானியும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து வந்தார்கள். தூக்கி வந்தவன் யார்? நம்ம ஆள்! உட்கார்ந்து வந்தவர் ஊருக்குப் போய், "ஆகா, என்ன மலை, என்ன பனி!" என்று எழுதினார். தூக்கி வந்தவன் எதுவும் எழுதவில்லை. அவன் எழுதியிருந்தால் தோள்பட்டையைப் பற்றித்தான் எழுதியிருப்பான். (கைதட்டல்) நாம் இன்றைக்கு ஏங்குகிறோமே, அது உட்கார்ந்து போனவருடைய ஏக்கம், நடுவர் அவர்களே!

சரி, அந்த ஏரி? அது ஆண்டவன் படைத்த ஏரி என்று பலர் நினைக்கிறார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை, சதுப்பு நிலத்தில் அணை கட்டித் தேக்கியது. அன்றைக்கு ஒரு பெரியவர் கரையில் நின்று, "எங்க காலத்துல இங்க எவ்வளவு அழகா சேறு இருந்துச்சு, இப்போ தண்ணியை விட்டுக் கெடுத்துட்டாங்களே!" என்று அழுதிருப்பாரா, மாட்டாரா? (சிரிப்பு) இன்றைக்கு நாம் பழைமை என்று கும்பிடுவது, அன்றைக்குப் புதுமை. அதுதான் உண்மை.

1909-ல் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனின் கரும்புள்ளியில் வாயு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை அவர் பெயரால்தான் சொல்கிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் அதே மலையில், சூரியனையே அளந்த அதே மலையில், எங்க அப்பத்தா காலம் முழுக்க மண்ணெண்ணெய் விளக்கு. ராத்திரி குளிருக்குக் கணப்பு. புகையில கண்ணு எரிஞ்சு எரிஞ்சு, அம்பது வயசுல அவங்களுக்கு ஊசியில நூல் கோக்க முடியலை. விறகு தேடிக் காட்டுக்குப் போன பொம்பளைக்குப் பனியும் தெரியாது, பூவும் தெரியாது. தலைச்சுமைதான் தெரியும்.

என் பெரியம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு ஐப்பசி மாசம். விடாத மழை. பஸ் கிடையாது. கம்பில போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி நாலு பேர் தூக்கிட்டு நடந்தாங்க. வழியிலேயே பிள்ளை பிறந்துச்சு. அழவே இல்லை. பெரியம்மா பிழைச்சு வந்தாங்க. அதுக்கப்புறம் மழைக்காலத்துல அவங்க அந்தப் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. (அரங்கம் அமைதி)

போன சில வருஷத்துக்கு முன்னால என் தங்கச்சிக்கு வலி எடுத்தது. 108-க்குப் போன் பண்ணினோம். 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்த சேவை. மலைப்பாதை, வர நேரமாச்சு. ஆனா வந்துச்சு! இன்னைக்கு அந்தப் பய கார்ட்டூனை மாத்தினா வீட்டையே ரெண்டாக்குறான். இப்போ சொல்லுங்க, எந்தக் காலம் நல்ல காலம்? (பலத்த கைதட்டல்)

பிழைப்பைப் பாருங்க. எங்க பக்கம் பூண்டு விளையும். மூட்டை குதிரை மேல ஏறி, லாரி மேல ஏறி வடுகபட்டி சந்தைக்குப் போன பிறகுதான் விலையே தெரியும். "விலை விழுந்துருச்சு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வரணும். இன்றைக்கு வரப்பில் நின்றே போனில் விலை கேட்கிறான் என் தம்பி. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்க பூண்டுக்கு ஒரு பெயர், ஒரு மரியாதை!

உடனே எதிரணி எழுந்து, "அம்மா, காடு போச்சே, தண்ணி போச்சே, பிளாஸ்டிக் வந்துச்சே!" என்று கேட்கும். நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டைக் கெடுக்க ஆரம்பித்தது எந்தக் காலம்? எங்கள் மலையின் தண்ணீர்த் தொட்டி, சோலைக்காடும் புல்வெளியும்தான். அந்தப் புல்வெளியில் தைல மரத்தையும் வாட்டிலையும் பைன் மரத்தையும் கொண்டு வந்து நட ஆரம்பித்தது நீங்கள் ஏங்குகிற அந்தப் பொற்காலம்தான்! இன்றைக்கு நாம் பைன் காட்டில் நின்று போட்டோ எடுக்கிறோம். அன்றைக்கு நட்டபோது, "ஐயா, இது எங்க ஊற்றைக் குடிச்சிருமே"ன்னு கேட்க யாருக்கு வாய் இருந்தது?

இன்றைக்குக் கேட்க முடிகிறது. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசக் கழிவு வெளியே வந்ததைக் கண்டு மக்கள் கிளம்பினார்கள். 2001-ல் அது மூடப்பட்டது. தொழிலாளர்கள் விடவில்லை. 2016-ல் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு கிடைத்தது. பதினைந்து வருஷம் போராட்டம்! போன உயிரும் உடம்பும் திரும்பாது. ஆனால் கூலிக்காரன் கேள்வி கேட்டு, பெரிய கம்பெனி பதில் சொன்ன காலம் இது.

வண்டிக் கூட்டமா? நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வாரநாளில் 4000 வண்டி, வார இறுதியில் 6000 வண்டி என்று வரம்பே போட்டார்கள். 2024 செப்டம்பரில் எங்கள் கிளாவரைக்குக் கீழே காட்டில் ஏறக்குறைய 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்தது. தண்ணீர் வரலையே என்று பார்க்கப் போன ஊர்க்காரர்கள்தான் அதைக் கண்டார்கள். அந்தக் காலமாக இருந்தால் "மலைக்குக் கோபம்"னு சொல்லி ஒரு பொங்கல் வெச்சிட்டு இருந்திருப்போம். இன்றைக்குச் செய்தி வெளியே போனது, அதிகாரிகளும் நிபுணர்களும் மலையேறி வந்தார்கள்.

நடுவர் அவர்களே, நோய் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மருந்தும் இன்றைக்குத்தான் இருக்கிறது! ஏக்கப்படுகிறவர் பழைய போட்டோவை மாட்டி வைப்பார். கவலைப்படுகிறவர்தான் சோலை மரம் நடுவார். எங்கள் மலைக்குக் கவலைப்படுகிற ஆள்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. எதிரணி குறிஞ்சிப் பூவைப் பற்றி அழகாகப் பேசியது. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னார்கள். பூத்த குறிஞ்சிச் செடி அதோடு பட்டுப்போகும். அடுத்த தடவை பூப்பது அந்தச் செடி அல்ல, அது போட்ட விதை. பழைய செடியே நிற்கணும் என்று அழுதால் புதுப்பூ கிடையாது. விதை விழ மண்ணை விட்டு வைத்தோமா என்பதுதான் கேள்வி. அந்த மண்ணைக் காப்பாற்றுகிற சட்டம், படிப்பு, கேட்கிற துணிச்சல் எல்லாம் இன்றைய கொடைக்கானலிடம்தான் இருக்கிறது.

எனவே, டோலியில் உட்கார்ந்தவர் பக்கம் அல்லாமல், அதைத் தூக்கியவர் பக்கம் நின்று, இன்றைய கொடைக்கானலே இனியது என்ற நல்ல தீர்ப்பை வழங்குமாறு வேண்டுகிறேன். (பலத்த கைதட்டல்)