பந்தியில் பக்கத்து இடம்



‘பிள்ளைகளும் தொலைக்காட்சியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். டிவி பார்த்தா கண்ணு கெடும், படிப்பு கெடும்னு நாம வீட்டில் தினமும் சொல்றதுதான். அதனால் நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். தன்னை மாதிரி ஒரு பிள்ளை அந்தப் பெட்டிக்குள் இருக்கா, அதை மற்ற பிள்ளைகள் எப்படி நடத்துகிறார்கள் என்று நம் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் இதைப் புரியவைக்கும்.

ஸ்னூப்பி என்ற வெள்ளை நாயின் படத்தைப் பையிலும் பனியனிலும் பார்த்திருப்பீர்கள். சார்லஸ் ஷுல்ஸ் என்பவர் 1950 முதல் செய்தித்தாள்களில் வரைந்த ‘பீநட்ஸ்’ படக்கதையில் வரும் நாய் அது. கதை முழுக்கச் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் 18 வருஷம் வரை அதில் ஒரு கறுப்பினப் பிள்ளைகூட இல்லை.

1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். பதினோரு நாள் கழித்து, ஹாரியட் கிளிக்மன் என்ற பெண் ஷுல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். உங்கள் கதையில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேருங்கள் என்று கேட்டார்.

ஷுல்ஸ் பதில் போட்டார். ஆசைதான், ஆனால் தயவு காட்டுவது போலத் தெரிந்துவிடுமோ என்று தயங்கினார். அந்தம்மா விடவில்லை. தனக்குத் தெரிந்த கறுப்பின நண்பர்களிடம் பேசி, அவர்களையே எழுத வைத்தார். அதில் ஒரு தகப்பனார், பெரிய கதாநாயகன் எல்லாம் வேண்டாம், கூட்டத்தில் ஒருவனாகச் சாதாரணமாக வந்தால் போதும் என்றார். 1968 ஜூலை 31இல் ஃபிராங்க்ளின் வந்தான். கடற்கரையில் சார்லி பிரவுனின் பந்தை எடுத்துக் கொடுக்கிற பையன். பிறகு அவன் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பது போல வரைந்தபோது, தென் மாநிலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். ஷுல்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1973 நவம்பரில் அதே பிள்ளைகளை வைத்து ஒரு பண்டிகைச் சிறப்புப் படம் டிவியில் வந்தது. அந்தப் பண்டிகைக்கு ‘தேங்க்ஸ்கிவிங்’ என்று பேர். சொந்தபந்தம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நன்றி சொல்லும் நாள். படத்தில் பிள்ளைகளே விருந்து வைக்கிறார்கள். டோஸ்ட், பாப்கார்ன், மிட்டாய் எல்லாம் உண்டு. ஆனால் மேசையின் ஒரு பக்கம் முழுக்க ஃபிராங்க்ளின் மட்டும், ஒரு மடக்கு நாற்காலியில். மற்றவர்கள் எதிர்ப்பக்கமும் ஓரங்களிலும்.

வேணும்னே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கதையை எழுதியதும், அவனுக்காக முன்பு உறுதியாக நின்ற அதே ஷுல்ஸ்தான். ஆனால் படம் வருஷா வருஷம் ஓடியது. அவன் பக்கத்தில் ஏன் யாரும் இல்லை என்று பலரும் கேட்டார்கள். நம் இலைக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்தால் மனசு என்ன பாடுபடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் ஃபிராங்க்ளினை நாயகனாக வைத்தே ஒரு படம் வந்தது. அதில் சாப்பாட்டு மேசையில் தனியாக இருக்கிறவனை, எங்க பக்கம் வா என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அந்தப் படத்தை எழுதியவர்களில் ஒருவர் ராப் ஆம்ஸ்ட்ராங் என்ற கறுப்பின ஓவியர். ஃபிராங்க்ளின் முதலில் வந்தபோது அவர் சின்னப் பையன். பின்னாளில் அவரும் படக்கதை வரைந்தார். ஷுல்ஸ் அவரிடம் கேட்டு, ஃபிராங்க்ளினுக்கு ஆம்ஸ்ட்ராங் என்று குடும்பப் பெயரும் வைத்தார். ஒரு காட்சியைச் சரிசெய்ய 50 வருஷம் ஆச்சு. எழுதுகிற இடத்தில் ஒரு ஆம்ஸ்ட்ராங் உட்கார்ந்த பிறகுதான் அது நடந்தது.

நம் ஆண்டு விழாவிலும் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். ராஜா, ராணி வேஷம் யார் வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது? நடக்க முடியாத பிள்ளைக்கு வசனம் உண்டா, ஓரத்தில் உட்கார வைத்துவிட்டோமா? அடுத்த விழாவுக்கு வேஷம் பிரிக்கும்போது அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டு உட்கார வைப்போம். இதை இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.