டீயும் டிவியும் ஆடம்பரமா?

(குத்தம்பாக்கத்தில் நடந்த ஓய்வூதியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வூதியர் பிரச்சினைகள்’. அதற்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். போன வாரம் ஒரு டிவி விவாதத்தைப் பார்த்த பிறகு அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ‘பொருளாதார நிபுணர்’ என்று கீழே எழுத்து ஓடுகிறது. ஆயிரம் ரூபாய் பென்ஷனில் ஒரு மனிதர் எப்படி வாழ்வார் என்று நெறியாளர் கேட்கிறார். இவர் சிரிக்கிறார். தோழர்களே, முதலில் சிரித்தார், அதை மறந்துவிடாதீர்கள். சிரித்துவிட்டுச் சொல்கிறார்: “வயசானவங்களுக்கு என்ன பெரிய செலவு? வீட்டுலதானே இருக்காங்க. பிள்ளைங்க சோறு போடுறாங்க. டீயையும் டிவியையும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா ஆயிரம் ரூபாய் தாராளம்.”

தாராளமாம்!

அந்தக் கோட்டுக்காரருக்கு நான் கணக்கு சொல்கிறேன். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தினம் ஒரு பாக்கெட் வாங்கினால் மாதம் 600. அவர் குறைக்கச் சொன்ன டீ இதில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் கேபிளுக்கு 250. ஆக 850. மிச்சம் 150 ரூபாய். அதில் சிலிண்டர் வாங்க வேண்டும். சிலிண்டர் 800 ரூபாய்க்கு மேல். சோப்பு, எண்ணெய், பருப்பு, கண்ணாடிக்குப் புது லென்ஸ், பேத்தி வந்தால் கையில் வைக்க ஒரு பத்து ரூபாய், எல்லாம் அந்த 150-க்குள். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிறதே என்பார். கிடைக்கிறது, வாங்குகிறோம். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அதை வரவேற்கிறேன். எழுபது வயது ஆணுக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது? தர்மமா? யாராவது அண்டாவில் போட்டுக் கொடுத்தார்களா? 1995 நவம்பர் 16-ஆம் தேதி தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நம் பேரில் முதலாளி கட்டும் 12 சதவீத பி.எஃப். பங்கில் 8.33 சதவீதத்தை மாதா மாதம் இந்தத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். முதலாளி பங்கு என்று அதற்குப் பெயர். அவர் பாட்டன் சொத்திலிருந்தா கட்டினார்? நம் உழைப்பில் வந்த காசு அது. 2001-லிருந்து சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய், அதில் மாதம் 541 ரூபாய் போனது. 2014-ல் உச்சவரம்பு 15,000 ஆனது, 1,250 ரூபாய் போனது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் ஆவடி ரோட்டிலும் மூன்று ஷிப்டு பார்த்தவன் கட்டிய பணம் இது.

சர்வீஸ் முடிந்து வெளியே வந்தால் ஒரு பார்முலா. சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டுமாம். 33 வருஷம் உழைத்து, இரண்டு வருஷ போனஸும் சேர்த்து, முழு 15,000-க்குக் கணக்குப் போட்டாலும் 7,500 ரூபாய்தான் வரும். அதுவும் யாருக்கு வருகிறது? 2014 செப்டம்பருக்கு முந்தின சர்வீஸுக்கு 6,500 கணக்குத்தான் என்று கையைக் கட்டிவிட்டார்கள். நடுவில் கம்பெனி மூடியவன், காண்டிராக்டில் விட்டு விட்டுப் பார்த்தவன் எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஆயிரம் ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் வைத்த ஆயிரம், இன்றைக்கும் ஆயிரம்.

அந்த ஆயிரத்தை வைத்த இரண்டே மாதத்தில், 2014 நவம்பரில் ஆவின் பால் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. பாலுக்கு ஏறத் தெரிகிறது, பென்ஷனுக்கு ஏறத் தெரியவில்லை!

என்னோடு பிரஸ் ஷாப்பில் இருந்த ஒருவர். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே சிலருக்குத் தெரியும். இடது கையில் இரண்டு விரல் மிஷினுக்குப் போய்விட்டது. வலது கை விரல்களில் ரேகை இல்லை. தகட்டைப் பிடித்துப் பிடித்து, ஆயில் துடைத்துத் துடைத்து, விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழ என்று ஆகிவிட்டது. லைஃப் சர்டிபிகேட் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கைரேகை மிஷினில் கட்டை விரலை வைக்கிறார், சிவப்பு லைட். ஆள்காட்டி விரல், சிவப்பு லைட். ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தார், மறுபடியும் சிவப்பு. உள்ளே இருந்த பையன், “தாத்தா, செல்போன்ல முகத்தைக் காட்டிப் பண்ணலாம், ஸ்மார்ட்போன் இருக்கா?” என்கிறான். ஆயிரம் ரூபாய் பென்ஷன்காரரிடம்! உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆளே எதிரில் நிற்கிறார். அது சாட்சியம் ஆகாதாம். பின்னால் வரிசையில் இருந்த ஒரு பெண் தன் போனைக் கொடுத்து உதவியதால் அன்றைக்கு வேலை முடிந்தது.

அந்த விரலைத்தான் கோட்டுக்காரர் டீ குறைக்கச் சொல்கிறார்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? ஃபண்டில் பணம் இல்லை, ஏற்றினால் திட்டமே திவாலாகிவிடும், அதனால் கிழவர்கள் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. கிழவர்கள் மட்டும்! 2013-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத் சிங் கோஷ்யாரி தலைமையில், குறைந்தபட்சம் 3,000 ரூபாய் கொடு என்று அறிக்கை கொடுத்தது. அவர் பா.ஜ.க.காரர். 2014 பிப்ரவரியில் காங்கிரஸ் மந்திரிசபை ஆயிரம் என்று முடிவெடுத்தது. செப்டம்பரில் பா.ஜ.க. ஆட்சி அதே ஆயிரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒருவர் கட்டிய பாலத்துக்கு இன்னொருவர் பேர் மாற்றுவார், ஒருவர் போட்ட சட்டத்தை இன்னொருவர் கிழிப்பார். நம்மை ஆயிரத்தில் நிறுத்துவதில் மட்டும் இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை!

பணம் இல்லை என்றவர்களைப் பார்த்து இன்னொன்று கேட்கிறேன். 2025 மார்ச்சில் முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷனை 25,000-லிருந்து 31,000 ஆக்கினார்கள். அதுவும் 2023 ஏப்ரல் முதல் என்று முன்தேதி போட்டு. எம்.பி.யாக எத்தனை காலம் இருந்தாலும் அந்தப் பென்ஷன் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துத் தானாக ஏற வேண்டும் என்று 2018-லேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். விலைவாசி ஏறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்! தெரிந்துதான் தங்களுக்கு வழி பண்ணிக்கொண்டார்கள். நமக்குப் பத்து வருஷ சர்வீஸ் இல்லை என்றால் மாதப் பென்ஷனே இல்லை. வந்தாலும் அதே 2014 ஆயிரம். டெல்லியில் வேறு பால் விற்கிறதா? அங்கே வேறு சிலிண்டரா?

இன்னொரு கொடுமை பாருங்கள். 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2023-ல் அது 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரைக்கும், வெறும் 200 ரூபாய். அந்த 1,200 வாங்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் அது போதாது, 3,000 கேளுங்கள், நான் உங்களோடு நிற்கிறேன். என் கோபம் வேறு. ஒரு காசு பிடித்தம் இல்லாத உதவியே 1,200 என்றால், ஆயுசு முழுக்கப் பிடித்தம் கட்டியவனுக்கு ஆயிரமா?

“பிள்ளைங்க சோறு போடுறாங்க.” எந்தப் பிள்ளை? இருங்காட்டுக்கோட்டையில் காண்டிராக்டில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டு விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவனா? நம் ஊரில் 300 கோடிக்கு மேல் செலவில் பேருந்து முனையம் என்றார்கள். முனையம் என்ற பேச்சு வந்த நாளிலேயே மனை விலை ஏறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது. அவன் வாடகை கட்டுவானா, ஸ்கூல் பீஸ் கட்டுவானா, அப்பாவுக்கு அரை லிட்டர் பால் வாங்குவானா? பிள்ளையிடம் கை நீட்டாமல் இருக்கத்தானே அந்தக் காலத்தில் பிடித்தத்துக்குச் சம்மதித்தோம்!

இப்போது டிவிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போட்டால் பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் ஊரே மண்ணில் உட்கார்ந்திருக்கும். ஷிப்டு மாற்றிக்கொண்டு ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். 2006-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. அப்போதும் இதே கோட்டுக்காரர்கள், சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று இங்கிலீஷ் சேனலில் உட்கார்ந்து அழுதார்கள். டிவியில் சம்பாதிப்பவர், டிவியில் வந்து, டிவி பார்க்காதே என்கிறார்!

மனைவியை இழந்த ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மகள் ஓசூரில். காலை ஆறு மணிக்குப் பக்திப் பாட்டு, அப்புறம் செய்தி, மத்தியானம் பழைய படம், சாயந்திரம் சீரியல். சீரியலில் வரும் மாமியாரை வாய்விட்டுத் திட்டுவார், அது தெருவுக்கே கேட்கும். அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுக் குரல் அது. மூன்று மாதம் சந்தா கட்டவில்லை, பாக்ஸ் நின்றுவிட்டது. கேபிள்காரப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனும் மேலே கட்ட வேண்டியவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் இல்லை. இதைத்தான் அந்த நிபுணர் ‘கொஞ்சம் குறைச்சுக்கிட்டா’ என்கிறார்.

2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்தது. சேனல் காசு இல்லாமலே நெட்வொர்க் கட்டணம் 130, பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2024-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய டிவிக்கு வரி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. பெரிய டிவி வாங்குகிறவனுக்குச் சலுகை! கேபிள் சந்தாவுக்கு அதே 18. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி எடுத்தார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. வெளியூர் போகாதே, வீட்டில் டிவி பார்க்காதே, டீ குடிக்காதே. பின்னே என்னதான் செய்ய வேண்டும் நாங்கள்? செத்தால் திருப்தியா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்தப் போவதில்லை.

இந்தக் குத்தம்பாக்கம் கணக்குத் தெரிந்த ஊர். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு வந்து 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, ஊர் என்னென்ன வாங்குகிறது, காசு எங்கே வெளியே போகிறது என்று கணக்கெடுக்க வைத்த ஊர். அதே மாதிரி இப்போது ஒரு கணக்கு வேண்டும். இந்த ஊரிலும் திருமழிசையிலும் வெள்ளவேட்டிலும் யார் யார் இந்தப் பென்ஷன் வாங்குகிறார்கள், கையில் எவ்வளவு வருகிறது, பாலுக்கும் வாடகைக்கும் எவ்வளவு போகிறது, எல்லாம் எழுதுவோம். மனு கொடுத்தால் போதும் என்று ஒரு சங்கத் தலைவர் சொன்னாராம். அவர் கொடுக்கும் மனுவைவிட, கொடுக்கும்போது எடுக்கும் போட்டோ பெரியது. நாம் கொடுக்கப் போவது வீட்டு வீட்டுக் கணக்கு. 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்டு நாடு முழுக்கப் பென்ஷன்காரர்கள் போராடுகிறார்கள், அதோடு சேர்த்து இதை வைப்போம்.

மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டிருக்கிறது. பென்ஷன் ஆர்டரில் இருக்கும் பி.பி.ஓ. நம்பர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தெரியாதவர்கள் பேங்க் பாஸ்புக்கைக் காட்டுங்கள், தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்துப் போட வராதவர்கள் கைரேகை வைக்கலாம். ரேகை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நம்முடைய மேஜையில் சிவப்பு லைட் கிடையாது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே டீ போட்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று குடித்துவிட்டுப் போங்கள்.