மெதுவா ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான்

(கூட்டமைப்பின் நலவாழ்வுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"ஓட்டத்தைப் பத்திப் பேசுங்க" என்று சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஓட்டக் குழுவில் கடைசியாக வருகிறவள் நான். ஒரு கிலோமீட்டர் ஓட எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். பால் கேன் கட்டின சைக்கிள் என்னைத் தாண்டிப் போகும். வேகமா நடக்கிற தாத்தாகூட தாண்டிப் போவார். ஆனால் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேகமாக ஓடுவது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மெதுவாக ஓடுகிறவள் மனசு தளராமல் எப்படித் தொடர்வது என்று சொல்லத் தெரியும்.

போன வருஷம் நடந்த மருத்துவ முகாமில் எங்கள் குழுவில் பல பேருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருப்பது தெரிய வந்தது. "நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க" என்றார் டாக்டரம்மா. ஏழு பேர் பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்தோம். இப்போது நாலு பேர் ஓடுகிறோம். நின்றுபோன மூன்று பேரும் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் சொன்ன மூன்று காரணமும் நாளைக்கு உங்களுக்கும் வரும். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. "நாள் பூரா உழைக்கிறோம், இதுல ஓட்டம் வேறயா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வயல் வேலையும் அந்தக் கணக்கில் சேரும். களை எடுக்கிற, நாற்று நடுகிற சகோதரிகள் ஓடித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் இப்போது தையல் மெஷினிலும் கடையிலும் கணக்கு நோட்டிலும் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறோம்? அவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதல் காரணம்: "மூச்சு வாங்குது, கால் வலிக்குது"

முதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடினால் யாருக்கும் வலிக்கும். 1996-ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து ஒரு திட்டம் போட்டார். முதலில் ஐந்து நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை. இப்படி மாற்றி மாற்றி இருபது நிமிஷம். வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடலாம் என்பது அவர் கணக்கு. நாங்கள் அதை ஐந்து மாதம் இழுத்தோம். அதனால் என்ன குறைந்து போயிற்று?

கடிகாரம் வேண்டாம். ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பம் நடை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோவாக்கி தனாகா என்ற பேராசிரியர், சிரித்த முகத்தோடு ஓட முடிகிற வேகமே சரியான வேகம் என்று சொல்லிக் கொடுத்தார். நாம் நடக்கிற வேகத்தில் ஓடினாலே போதும்.

இன்னொன்று. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பையும் தசையையும் இணைக்கிற நார்கள் பழகப் பல மாதம் ஆகும். "மூச்சு வாங்கலையே" என்று திடீரென்று கூட்டி ஓடும்போதுதான் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் வலி கூடிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மெதுவாகப் போயும் இளைப்பு வருகிறதா? இரத்தச் சோகை இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை என்று கணக்கு. அதற்கு மருந்து சாப்பிடாமல் மனசை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது காரணம்: "நாலு பேர் சிரிக்கிறாங்க"

"இந்த வயசுல என்ன ஓட்டம்?" என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். "பொம்பளைங்க களைச்சு விழுந்துட்டாங்க" என்று பெரிதாக்கிப் பேசி, அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960-ல்தான் திரும்ப வைத்தார்கள். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி அதிகாரியே பாய்ந்து வந்து அவர் உடையில் இருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்கவில்லை, ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல்தான். அவர்களுக்கே அந்த நிலைமை என்றால் நம் டீக்கடைப் பேச்சு எம்மாத்திரம்?

எங்களையும் ஒரு மாதம் பேசினார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது. "நேரமாச்சே, இன்னைக்குக் கிளம்பலையா?" என்று இப்போது என் மாமியாரே கேட்கிறார். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். நாய்க்கும் பயமில்லை, இருட்டுக்கும் பயமில்லை.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு ஓடும்போது சிறுநீர் கசியும். அதனாலேயே பேசாமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. சிறுநீரை அடக்குகிற மாதிரி அடித்தசையை இறுக்கி, சில விநாடி வைத்திருந்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, தினம் மூன்று வேளை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குறையும். குறையவில்லை என்றால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம்: "எத்தனை மாசமானாலும் நான்தான் கடைசி"

இதுதான் பெரிய காரணம். பஞ்சாபில் பிறந்த விவசாயி ஃபௌஜா சிங்கைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் கால் சூம்பி, ஐந்து வயது வரை நடக்காதவர். மனைவியையும் ஒரு மகனையும் இழந்தவர், இங்கிலாந்தில் இருந்த இன்னொரு மகனோடு வாழ்ந்தார். மாரத்தான் ஓட்டத்துக்கு வந்தபோது வயது 89. 2000-ல் லண்டனில் 42 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிஷத்தில் ஓடினார். முதலில் வந்தவருக்கு ஆனது இரண்டு மணி நேரம் சொச்சம். 2011-ல் நூறு வயதில் டொராண்டோவில் ஓடி முடிக்க 8 மணி 11 நிமிஷம் ஆனது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகத்தில் சேர்க்கவில்லை. நம் பாட்டிமார் பலரிடமும் அந்தச் சான்றிதழ் ஏது? 2025 ஜூலையில் தன் ஊர் அருகே வாகனம் மோதி, 114 வயதில் காலமானார். ஆகவே சகோதரிகளே, ரோட்டில் ஓடினால் எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாக, வெளிர் நிறத்தில் உடுத்தி ஓடுங்கள்.

அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது வேகத்துக்காக இல்லை, நிற்காமல் வந்ததற்காக. நம் குழுவும் அப்படித்தானே வளர்ந்தது? யார் அதிகம் போட்டார்கள் என்றா பார்த்தோம்? எல்லோரும் தவறாமல் போட்டார்களா என்றுதான் பார்த்தோம். எங்கள் ஓட்ட நோட்டிலும் வேகத்துக்கும் தூரத்துக்கும் இடமில்லை. தேதி, பேர், வந்தாரா வரவில்லையா, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நான் கடைசி இல்லை!

அறுவடை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரண்டு வாரம் விட்டுப்போகும். கடன் தவணை தவறின உறுப்பினரிடம் மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டச் சொல்கிறோமா? கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்கிறோம். ஓட்டமும் அப்படித்தான். விட்டதைச் சேர்த்து ஓடாதீர்கள். பழையபடி ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை என்று ஆரம்பியுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்துவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தியில் ஒரு மிட்டாய் முடிந்து வாருங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திங்கள், புதன், சனி, காலை ஐந்தரை மணி, பள்ளிக்கூட மைதானம். நின்றுபோன மூன்று சகோதரிகளின் பேரும் நோட்டில் அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஓடலாம். கடைசி இடம் மட்டும் கிடைக்காது, அது என்னுடையது!