வருமுன் காக்கும் கல்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சுவை நுகரும் உங்கள்முன் குழாயையும் சாக்கடையையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள்க. அரசாங்கக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் பொறியாளனாகவே காலங்கழித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

மருத்துவப் பட்டம் பெற்ற என் மகள், ஆஸ்திரேலியா சென்று பழங்குடி மக்களின் நல்வாழ்வு மேம்பாட்டிலும் நோய்த்தடுப்பிலும் முதுநிலைக் கல்வி பயில விரும்புவதாகச் சென்ற ஆண்டு கூறினாள். "கைகழுவக் கற்றுக்கொடுக்கவா கடல் கடந்து போகவேண்டும்?" என்று நான் நகைத்தேன். அவள் வாதாடவில்லை, அந்நாட்டு ஆய்வு ஒன்றின் வரலாற்றை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதில் நான் கண்டதையே இன்று கூற வந்தேன்.

ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அம்மண்ணில் வாழ்ந்துவருபவர்கள். எனினும், 2020–2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்தம் சராசரி ஆயுள் மற்றவர்களினும் 8 ஆண்டுக்கு மேல் குறைவு. நிலமிழந்து சிதறிய மக்களுக்கு மருந்து மட்டும் போதுமா?

இவ்வினா 1985இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் எழுந்தது. அங்கே பழங்குடியினர் தாமே நடத்தும் மருத்துவக் கழகம் ஒன்று உண்டு. அதன் இயக்குநராக இருந்தவர் கண்பார்வையிழந்த யாமி லெஸ்டர் என்னும் பழங்குடிப் பெரியார். மருத்துவசாலைகள் பெருகியும் நோய் குறையவில்லையே என வருந்திய அவர், மருத்துவர் ஒருவர், கட்டடக் கலைஞர் ஒருவர், சுற்றுப்புறச் சுகாதாரம் அறிந்தவர் ஒருவர் ஆகிய மூவரை அழைத்து, மக்கள் நோயுறாதிருக்க வழி காணுமாறு பணித்தார். 1987இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை நல்வாழ்வுக்குரிய பழக்கங்கள் ஒன்பதை வரிசைப்படுத்திற்று. அவற்றுள் முதலாவது குழந்தைகளை நீராட்டுதல். அடுத்தது துணியும் படுக்கையும் வெளுத்தல். மூன்றாவது கழிவுநீரை அகற்றுதல்.

இவை நம் பாட்டிமாரும் அறிந்தவையே. ஆனால், அம்மூவரும் அறிவுரையோடு நிற்கவில்லை. வீடு வீடாகச் சென்று குழாயைத் திறந்து பார்த்தனர். நீர் வராத குழாயின் முன்னே நீராடுக என்று உபதேசிப்பதால் பயன் யாது? பின்னாளில் பல்லாயிரம் வீடுகளை அம்முறையில் சோதித்தார்கள். சிறு பழுதுகளை அன்றே செப்பனிட்டார்கள். பழுதின் காரணத்தையும் குறித்துவைத்தார்கள். பெரும்பாலானவை பராமரிப்பின்மையால் நேர்ந்தவை. அடுத்தவை கட்டும்போதே நேர்ந்த குறைகள். குடியிருப்போரால் விளைந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு!

அன்பர்களே, இவ்விடத்தில் நான் தாளை மூடிவைத்துவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன், கடைநிலை ஊழியர் குடியிருப்பில் மழைக்காலந்தோறும் கழிவுநீர் பெருகுவதாக ஒரு விண்ணப்பம் என்னிடம் வந்தது. "குடியிருப்போரின் கவனக்குறைவு" என்று ஒரே வரி எழுதித் திருப்பினேன். இரு குழந்தைகள் வாந்திபேதியால் மருத்துவசாலை சேர்ந்த பின்னரே நிலத்தைத் தோண்டினோம். குழாய் வாட்டம் தவறிப் பதிக்கப்பட்டிருந்தது. நீர் வெளியேறாமல் வீட்டை நோக்கியே திரும்பியிருக்கிறது. அவ்வேலை சரியென்று கையொப்பமிட்டவனும் நானே. குழந்தைகள் பிழைத்தன, என் வரி மட்டும் கோப்பில் அழியாது நிற்கிறது.

வீட்டைச் செப்பனிட்டதால் விளைந்த பயனையும் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1998 முதல் 2008 வரை இம்முறையில் செப்பனிடப்பட்ட வீடுகளில் வாழ்ந்த பழங்குடியினர், தொற்றுநோய்க்காக மருத்துவசாலை சேர்ந்தது, அவ்வசதி பெறாத நாட்டுப்புறப் பழங்குடியினரைக் காட்டிலும் 40 விழுக்காடு குறைவு என்று அம்மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. ஊசியால் அன்று, குறடாலும் குழாயாலும்!

இக்கல்வி கற்பிப்பது இதுவே. 1986இல் ஒட்டாவா நகரில் வகுக்கப்பட்ட சாசனம், தனிமனிதர் திறனை வளர்த்தலோடு, நல்ல கொள்கை, நல்ல சூழல், சமூகத்தின் சொந்த முயற்சி, மருத்துவப் பணியின் திசைமாற்றம் ஆகியவற்றையும் வற்புறுத்துகிறது. சிட்னிப் பல்கலைக்கழகம் பழங்குடியினர் நல்வாழ்வு மேம்பாட்டுக்கென்றே ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பை ஏற்படுத்தியது. அந்நகரின் ரெட்ஃபர்ன் பகுதியில் பழங்குடியினர் 1971லேயே தம் மருத்துவ நிலையத்தைத் தாமே நிறுவினர். ஆதலின், அங்குக் கற்கச் செல்பவர் முதலில் பயில வேண்டுவது பேசுவதை அன்று, கேட்பதை.

நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10 கோடிக்கு மேற்பட்ட பழங்குடி மக்கள் உள்ளனர். முகங்கழுவ நீரில்லா இடத்தில் பரவிப் பார்வையைக் கெடுக்கும் டிரக்கோமா என்னும் கண்ணோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா நீக்கிவிட்டதென 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம்மால் முடியாததன்று. ஆட்களே வேண்டும்.

என் மகள் சென்ற மாதம் புறப்பட்டுவிட்டாள். உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய கல்வியை நாடினால், என்னைப்போல் நகையாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். நம் காலனியின் பின்புறம் துப்புரவுத் தொழிலாளர் வீடுகள் உள்ளன. அங்குள்ள குழாய்களைத் திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? வரும் ஞாயிறு காலை நான் குறடும் குறிப்பேடுமாய் அவ்விடம் செல்கிறேன். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறேன். உடன்வர விரும்பும் இளைஞர்கள் ஏழு மணிக்குச் சங்க வாயிலில் கூடுக.